நெடுங்கல், கல்திட்டை, குள்ளர் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்வட்டம், கல்திட்டை என்று எங்கே கூட்டிப் போனாலும், யாரிடம் பேசினாலும், திரும்பத் திரும்ப வருவது ஏறத்தாழ இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கற்களைப் பற்றித்தான் பேச்சு. தேவைப்படும் இடத்தில் மட்டும் அக்கம்பக்கத்து மாநிலங்களுக்குப் போய்வரலாம்.

நெடுங்கல்னா என்னங்க? வயல்ல நட்டமா நிக்கிற கல்லெல்லாம் நெடுங்கல்தானா?

இறந்தவர்களின் நினைவாகப் பெருங்கற்கால மக்கள், அதாவது பெரிய கற்களால் கல்லறை எழுப்பிய பழங்காலத்தவர்கள், நட்டுவைத்த ஒற்றைக் கல்தான் நெடுங்கல். நெடுநிலைக்கல், குத்துக்கல் என்றும் சொல்வார்கள். இதில் எழுத்தும் சிற்பமும் இருக்காது. பாறையிலிருந்து பெயர்த்தெடுத்து, ஓரத்தைக் கொஞ்சம் தட்டிச் சரிசெய்து நிறுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். சில கற்கள் இடுப்பு உயரம், சில கற்கள் இரண்டு மூன்று ஆள் உயரம்.

நட்டமாக நிற்பதெல்லாம் நெடுங்கல் ஆகிவிடாது. எல்லைக்கல், மாடு உரசும் கல், நடுகல் என்று பலதும் நம் ஊர்களில் நிற்கின்றன. பிரித்துப் பார்ப்பது எப்படி என்று கீழே சுமைதாங்கிக் கேள்வியில் சொல்கிறேன்.

கல்திட்டை, கல்பதுக்கை, கல்வட்டம்... எல்லாம் ஒண்ணுதானே, பேர்தானே வேற?

ஒரே பண்பாடு, ஆனால் அமைப்பு வேறு. தரைக்கு மேலே நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் போட்டால் கல்திட்டை. அதே அறையைத் தரைக்குள் குழிதோண்டி அமைத்தால் கல்பதுக்கை. இவற்றைச் சுற்றியோ, தாழி புதைத்த குழியைச் சுற்றியோ உருண்டைப் பாறைகளை வளையமாக அடுக்கினால் கல்வட்டம். சின்னக் கற்களைக் குவித்து மூடியிருந்தால் கற்குவை. ஒரே இடத்தில் இதில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். வட்டத்தின் நடுவில் பதுக்கை, ஓரத்தில் நெடுங்கல் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அது ஒரே கல்லறைதான்.

தமிழ்நாட்டில் தனியாக நிற்கும் நெடுங்கற்களைவிடக் கல்வட்டங்கள்தான் மிக மிக அதிகம். ஆனால் கண்ணில் படுவதும் கதை கட்டப்படுவதும் உயரமாக நிற்பவற்றுக்குத்தான்.

எத்தனை வருஷம் பழசு? அஞ்சாயிரம்னு ஒருத்தர் சொல்றார், ரெண்டாயிரம்னு இன்னொருத்தர் சொல்றார்.

தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களைப் பொதுவாக கி.மு. 1000 முதல் கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் வரை என்று வைப்பார்கள். இவை இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை. இப்போது அந்தத் தொடக்கம் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்போடு கிடைத்த மாதிரிக்கு கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் வந்த அரசு அறிக்கை சொல்கிறது. ஐந்தாயிரம் என்பவர் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்.

சரி, அதனால் உங்கள் ஊர்க் கல்வட்டமும் ஐந்தாயிரம் ஆண்டு ஆகிவிடுமா? ஆகாது. ஒரு இடத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் அந்த இடத்துக்கு மட்டும்தான். இந்த வழக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அகழாய்வு செய்யாமல் ஒரு கல்லைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன நூற்றாண்டு என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

ஒரு நாள் லீவுல போய்ப் பாக்கற மாதிரி எங்க இருக்கு?

கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில் பாறைக்குன்றின் மேலேயே நிறையக் கல்திட்டைகள் நிற்கின்றன. பார்த்தவுடன் புரிய வேண்டும் என்றால் அதுதான் முதல் இடம். புதுக்கோட்டைப் பக்கம் போனால் சித்தன்னவாசலில் ஓவியம் பார்க்க ஏறுவதற்கு முன்பே சுற்றுவட்டாரத்தில் கல்வட்டங்களும் பதுக்கைகளும் வந்துவிடும். முக்கால்வாசிப் பேர் வண்டியை நிறுத்தாமலே கடந்துபோகிறார்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணல், கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பேத்துப்பாறை, திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூர், திருக்கோவிலூர் அருகே தேவனூர் ஆகியவையும் நல்ல இடங்கள். ஊத்துக்குளிப் பக்கம் குமரிக்கல்பாளையம் என்ற ஊரே அங்கே நிற்கும் பிரம்மாண்டமான நெடுங்கல்லால் பெயர் பெற்றது.

காலையிலோ மாலையிலோ போங்கள். உச்சி வெயிலில் நிழல் விழாது, பாதி புதைந்த வட்டம் கண்ணுக்கே தெரியாது.

உள்ள என்ன இருக்கும்? நிஜமாவே எலும்புதானா?

எலும்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பல இடங்களில் உடலை வேறெங்கோ வைத்துவிட்டு, பிறகு எலும்புகளில் சிலவற்றை மட்டும் எடுத்துவந்து கல்லறையில் வைத்திருக்கிறார்கள். நம் செம்மண் சில இடங்களில் எலும்பை முழுக்கத் தின்றுவிடும். கூடவே கறுப்பு சிவப்புப் பானைகள், இரும்பு வாள், ஈட்டிமுனை, கத்தி, மணிகள் இருக்கும். கொடுமணலில் ஒரே பெரிய கல்லறையில் மட்டும் சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் செய்த 2,000-க்கும் மேற்பட்ட மணிகள் கிடைத்தன. அந்தக் கல்லுக்குப் பேர்போன இடம் குஜராத். சங்கப் பாடலில் வரும் ‘கொடுமணம்’ இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. மணி செய்யும் தொழில் அங்கே நடந்ததற்கான தடயங்களும் குடியிருப்புப் பகுதியில் கிடைத்திருக்கின்றன.

குள்ளருங்க கட்டினதுன்னு எங்க ஆயா சொல்லும். அப்படி ஒரு சாதி மனுஷங்க இருந்தாங்களா?

இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. கொடைக்கானல் மலையில் கல்திட்டைகளுக்குக் ‘குள்ளர் குகை’ என்றே பெயர். வட மாவட்டங்களில் ‘வாலியர் வீடு’ என்பார்கள். திருக்கோவிலூர்ப் பக்கம் வாலகில்ய முனிவர்களோடு இணைத்துச் சொல்வதுண்டு. கட்டைவிரல் அளவே இருந்த அறுபதாயிரம் முனிவர்கள் என்று புராணத்தில் வருகிறவர்கள் அவர்கள். கேரளத்தின் மறையூரில் இதுவே ‘முனியறை’.

நேரில் ஒரு கல்திட்டைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால் கதை எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்துவிடும். நாலு சுவர், ஒரு கூரை, உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். ஒரு பக்கப் பலகையில், பெரும்பாலும் கிழக்குப் பக்கம், வட்டமாக ஒரு துளை. தலையை நுழைக்கலாம், தோள் போகாது. துளையின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தால் உளிபட்ட சொரசொரப்பு இன்னும் தெரியும். வீடு மாதிரி இருக்கிறது, வாசல் மாதிரி ஒன்று இருக்கிறது, ஆனால் நம்மால் நுழைய முடியாது. அப்படியானால் இதில் குடியிருந்தவர் எவ்வளவு சின்ன ஆளாக இருக்க வேண்டும்? பார்த்ததை வைத்து ஒழுங்காக யோசித்துச் சொன்ன பதில்தான் குள்ளர் கதை. இது வீடு இல்லை, கல்லறை என்ற ஒரே ஒரு தகவல்தான் அவர்களிடம் இல்லை.

கிடைத்த எலும்புக்கூடுகளைப் பொறுத்தவரை அவர்கள் நம்மைப் போன்ற சாதாரண உயரம் உள்ளவர்கள்தான். துளை எதற்கு என்று கேட்டால், பின்னாளில் படையலோ அடுத்தவரின் எலும்போ உள்ளே வைப்பதற்கு என்கிறார்கள் சிலர், உயிர் வந்துபோக என்கிறார்கள் சிலர். ஒரே கல்லறையில் ஒருவருக்கு மேற்பட்டவரின் எலும்புகள் கிடைப்பதால் எனக்கு முதல் விளக்கம்தான் சரியாகப் படுகிறது.

அப்போ பாண்டவர் குழி? வனவாசத்துல வந்து தங்கினாங்கன்னு போர்டே வெச்சிருக்காங்களே!

போர்டு யார் வேண்டுமானாலும் வைக்கலாம். பஞ்சபாண்டவர் பெயர் நம் நாட்டில் சமணர் படுக்கையிலிருந்து ஒற்றைக்கல் ரதம் வரை ஒட்டாத இடமே இல்லை. பெரிதாக, பழையதாக, யார் செய்தது என்று தெரியாமல் ஒன்று இருந்தால் அது பாண்டவர் கணக்கில் போய்ச் சேரும். மலபாரில் இத்தகைய கல்லறைகளைத் தோண்டிப் பார்த்த பாபிங்டன் என்ற வெள்ளைக்காரர், உள்ளூர்க்காரர்கள் சொன்ன ‘பாண்டு குழி’ என்ற பெயரிலேயே எழுதிய கட்டுரை 1823-இல் அச்சானது. ஆக இந்தக் கதைக்கு எப்படிப் பார்த்தாலும் இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது.

கர்நாடகத்தில் கொப்பள் மாவட்டம் ஹிரேபெணகல் குன்றில் நூற்றுக்கணக்கான கல்திட்டைகள் உண்டு. அந்தக் குன்றுக்கு ‘மோரியர் குட்டா’ என்று பெயர், அங்கே கதையில் கட்டியவர்கள் மோரியர். குள்ளர், முனிவர், பாண்டவர், மோரியர் என்று எந்தக் கதையை எடுத்தாலும் ஒரு விஷயம் பொது: ‘கட்டினது நாங்க இல்ல, எங்களுக்கு முன்னால இருந்த வேற ஆளுங்க’ என்கிறது கதை. தாத்தாவுக்குத் தாத்தா கட்டியது என்று சொல்லும் ஊரை நான் இன்னும் பார்க்கவில்லை. கட்டியவர்களின் வம்சம் இங்கேயேதான் இருந்திருக்கும். வழக்கம் மாறி, எதற்காகக் கட்டினோம் என்பது மறந்த பிறகு, சொந்தக் கல்லறையே அந்நியர் வீடாகிவிட்டது.

வயசானவங்கள உயிரோட தாழிக்குள்ள வெச்சு மூடிடுவாங்களாமே? கேக்கவே பயமா இருக்கு.

தென் மாவட்டங்களில் அதிகம் கேட்கும் கதை இது. அந்தக் காலத்தில் ஆட்களுக்குச் சாவே வராதாம். வயது ஏற ஏற உடம்பு சுருங்கிக் குழந்தை அளவு ஆகிவிடுமாம். பூனை கொண்டுபோகாமல் இருக்க விளக்கு மாடத்தில் வைப்பார்களாம். அதுவும் முடியாமல் போனால் தாழியில் வைத்து, சோறும் தண்ணீரும் விளக்கும் கொடுத்து மூடிவிடுவார்களாம். ‘மதமதக்கத் தாழி’ என்று பெயர்கூட உண்டு.

உயிரோடு புதைத்ததற்கு அகழாய்வில் ஆதாரம் இல்லை. தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரை 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரீ, 2004-இலும் அதற்குப் பிறகும் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். கிடைத்தவை இறந்தவர்களின் எலும்புகள். குழந்தைகள், இளம் வயதினர் என எல்லா வயதினரும் அதில் அடக்கம். முழங்காலை மடக்கி, குத்துக்காலிட்ட நிலையில் சில எலும்புக்கூடுகள் இருந்தன. கிணறு வெட்டும்போது ஒரு பானை உடைந்து, உள்ளே முடங்கி உட்கார்ந்த ஒரு உருவமும், பக்கத்தில் சின்னச் சட்டிகளும் தெரிந்தால் கிராமத்து மனிதர் என்ன நினைப்பார்? குள்ளர் கதைக்குச் சொன்ன அதே கணக்குதான் இதுவும்.

தாழி இறந்தவருக்குத்தான் என்பதற்கு இலக்கியமே சாட்சி. புறநானூற்றின் 256-ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண் குயவரிடம், தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்கிறாள். மணிமேகலையோ எரிப்பது, போட்டுவிடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியில் கவிப்பது என ஐந்து வழக்கங்களை ஒன்றாக வரிசைப்படுத்துகிறது.

கிரேன் இல்லாம இவ்ளோ பெரிய கல்ல எப்படித் தூக்கினாங்க?

தூக்கவில்லை, நகர்த்தினார்கள். நம் கருங்கல் பாறைகள் வெயிலிலும் மழையிலும் தகடு தகடாகத் தாமே பிளக்கும். அந்த வெடிப்பில் ஆப்பு இறக்கியோ, தீ மூட்டிச் சூடேற்றியோ பலகையைப் பெயர்க்கலாம். மல்லசந்திரத்தில் கல் எடுத்த இடமும் கல்திட்டையும் ஒரே பாறையில். அப்புறம் உருளைக் கட்டை, கயிறு, நெம்புகோல், மண்சரிவு, நிறைய ஆட்கள். மேகாலயத்தில் காசி மக்களும், நாகர்களும் அண்மைக்காலம் வரை இப்படித்தான் பெருங்கற்களை இழுத்து நட்டார்கள். வேற்றுக்கிரகவாசி தேவைப்படவில்லை.

எங்க ஊர்க் கல்லு வருஷா வருஷம் வளருதுன்னு சொல்றாங்களே?

கல் வளராது. சுற்றியுள்ள மண் அரித்துப்போனால் அடிப்பகுதி வெளியே தெரியும், வளர்ந்த மாதிரி இருக்கும். கல்லின் அடியில் நிறம் மாறும் கோடு ஒன்று இருந்தால் பழைய தரைமட்டம் அதுதான். அரிப்பு தொடர்ந்தால் கல் சாய்ந்துவிடும், ஆகவே வளர்கிறது என்று ஊர் பேசினால் கவலைப்பட வேண்டிய விஷயம்.

மனுஷ உருவத்துல ஒரு கல்லு இருக்காமே? அது சாமியா, செத்தவங்க சிலையா?

மோட்டூரில் இருப்பதைச் சொல்கிறீர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த கல்வட்டங்களுக்குள் ஆளைவிட உயரமான ஒரு பலகைக்கல். மேலே தலை மாதிரி ஒரு வளைவு, இரண்டு பக்கமும் தோள் மாதிரி விரிவு. முகம் கிடையாது, கையும் கிடையாது. விழுப்புரம் மாவட்டம் உடையார்நத்தத்தில் இதே வகைக் கல்லை ஊர்க்காரர்கள் ‘விசிறிப் பாறை’ என்கிறார்கள். விரித்த விசிறி போலவும் தெரிவதால் அந்தப் பெயர் பொருத்தம்தான்.

தாய்த்தெய்வம் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு குறைவு. கல்லறை வட்டத்துக்குள் நிற்கும் உருவத்தை இறந்தவரோடு சேர்த்துப் பார்ப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது. பெண் என்று சொல்லவும் அந்தக் கல்லில் எதுவும் இல்லை.

நடுகல்லும் இதுவும் ஒண்ணா? வீரன் படம் போட்ட கல்லு எங்க ஊர்லயும் இருக்கு.

சொந்தம் உண்டு, ஒன்றில்லை. வீரன் உருவமும் எழுத்தும் உள்ள நடுகற்கள் பிற்காலத்தவை. செங்கம் பகுதியில் பல்லவர் காலத்திலிருந்து நிறையக் கிடைத்துள்ளன. இடைப்பட்ட கண்ணி 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்தது. உருவம் இல்லாத கல், அதில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து: கூடலூர் ஆநிரை கவர்ந்த பூசலில் பட்ட தீயன் அந்தவனின் கல். எழுத்தற்ற நெடுங்கல், எழுத்து மட்டும் உள்ள கல், எழுத்தோடு உருவமும் உள்ள கல் என்று வரிசை வைத்தால், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இறந்தவருக்குக் கல் எடுத்த பழக்கம் அறுபடாமல் வந்தது தெரிகிறது.

ரெண்டு கல் நட்டு மேல ஒரு கல் வெச்சிருக்கு. கல்திட்டைதானே? மாடு உரசுற கல்லு?

அது சுமைதாங்கி. பிள்ளை பெறாமலே இறந்த கர்ப்பிணிப் பெண்ணின் நினைவாக வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்கக் கட்டுவது. தோள் உயரம், பழைய பாதையோரம், மேல்கல் சமதளமாக இருக்கும், பெயரோ ஆண்டோ வெட்டியிருக்கலாம். கல்திட்டைக்குப் பக்கப் பலகைகள் வேண்டும். மேய்ச்சல் நிலத்திலோ நீர்நிலை அருகிலோ ஒரே ஒரு கல், உடம்பு உயரத்தில் வழவழவென்று தேய்ந்திருந்தால் ஆவுரிஞ்சிக்கல், மாடு உரசிக்கொள்ள நட்டது. ஆனால் மாடு நெடுங்கல்லிலும் உரசும், அதனால் தேய்மானத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சூலமோ வாமன உருவமோ இருந்தால் கோயில் நில எல்லைக்கல். உருண்டையாகத் தரையில் கிடந்தால் இளவட்டக்கல்.

குழப்பம் தீராவிட்டால் கல்லை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். கறுப்பு சிவப்புப் பானை ஓடு, தடித்த தாழி ஓடு, வளையமாகக் கிடக்கும் பாறைகள், இரும்புக் கசடு இதில் ஏதாவது சுற்றிலும் இருந்தால் பெருங்கற்காலத்துக்கு வாய்ப்பு அதிகம். எதுவுமே இல்லாமல் கல் மட்டும் நின்றால் நெடுங்கல் என்று அவசரப்பட்டு அறிவிக்க வேண்டாம்.

சூரியன், நட்சத்திரம் பாத்து நட்டிருக்காங்கன்னு யூடியூப்ல பாத்தேன்.

முற்றிலும் தள்ளிவிட முடியாது. தெலங்கானாவின் முடுமாலில் உயரமான நெடுங்கற்கள் கூட்டமாக நிற்கின்றன. ஒரு கல்லில் உள்ள குழிகள் சப்தரிஷி மண்டலம் என்று கருதப்படுகின்றன. 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் அந்த இடம் சேர்ந்தது. கர்நாடகத்தின் நிலஸ்கல்லில் கற்களின் வரிசை கதிர்த்திருப்ப நாள் (சூரியன் வடக்கிலோ தெற்கிலோ கடைசி எல்லைக்குப் போய்த் திரும்பும் நாள்) சூரியனோடு பொருந்துவதாக ஆய்வு உண்டு. ஆனால் இவை பல கற்கள் வரிசையாக நிற்கும் இடங்கள். தனியாக நிற்கும் ஒரு கல்லுக்கும் அடிவானத்துக்கும் கோடு போட்டால் ஏதாவது ஒரு நாள் ஏதாவது ஒன்று அங்கே உதிக்கத்தான் செய்யும்.

நாங்க அந்தக் கல்ல சாமியா கும்புடறோம். அப்போ கல்லறையவா கும்புட்டுட்டு இருக்கோம்?

இதைக் கேட்டவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தப்பட ஒன்றுமில்லை. இறந்தவருக்குக் கல் நட்டுப் படையல் வைத்துக் கும்பிடுவது நம் வழிபாட்டின் பழைய வேர்களில் ஒன்று. நீலகிரியில் இருளரும் குறும்பரும் இறந்தவருக்காக ஆற்றுக் கூழாங்கல் ஒன்றைப் பழைய கல்திட்டைக்குள் கொண்டுபோய் வைப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கல்லைக் கட்டியவர் யார் என்று தெரியாமலே அதன் வேலை தொடர்ந்திருக்கிறது. ஒரு வேண்டுகோள் மட்டும்: எண்ணெய், மஞ்சள் போதும், பெயின்டும் சிமென்ட் மேடையும் வேண்டாம். மேடை கட்டக் குழி பறிக்கும்போதுதான் அடியில் இருப்பது நாசமாகிறது.

தொட்டா குடும்பத்துக்கு ஆகாதுன்னும் சொல்றாங்க, கீழ புதையல் இருக்குன்னும் சொல்றாங்க. எது நிஜம்?

இரண்டும் நிஜமில்லை. ஆனால் முதல் கதை கல்லைக் காப்பாற்றுகிறது, இரண்டாவது கல்லைக் கவிழ்க்கிறது. ஆதிச்சநல்லூரில் மெல்லிய பொன் பட்டங்கள் கிடைத்தது உண்மை. அது மிக அரிது. சாதாரணக் கல்லறையில் கிடைப்பது துருப்பிடித்த இரும்பும் உடைந்த பானையும்தான். மூடுகல் புரட்டப்பட்டு, நடுவில் பள்ளமாகக் கிடக்கும் கல்வட்டத்தைப் பார்த்தால் புதையல் தேடி யாரோ வந்துபோனார்கள் என்று அர்த்தம். அதில் அவர்களுக்குக் கிடைத்தது மேலே சொன்ன இரும்பும் ஓடுகளும், அவற்றையும் அங்கேயே வீசிவிட்டுப் போயிருப்பார்கள்.

என் சொந்த நிலத்துல இருக்கு. எடுத்துட்டு டிராக்டர் ஓட்டலாமா? சட்டம் என்ன சொல்லுது?

பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தால் கை வைக்கவே கூடாது. மத்தியப் பட்டியலில் இருந்தால் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டடத்துக்குத் தடை, அடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும். மாநிலப் பட்டியலுக்கு 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாத கற்கள்தான் ஏராளம். உழும்போது மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய் மதிப்பைத் தாண்டிய பொருள் கிடைத்தாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

நடைமுறையில் சொன்னால், கல்லை நகர்த்தாமல் நாலு பக்கமும் படம் எடுத்து, சர்வே எண்ணோடு கிராம நிர்வாக அலுவலருக்கும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் எழுதிக் கொடுங்கள். வட்டத்தைச் சுற்றி உழுவதால் குறையும் விளைச்சல் சில மரக்கால் நெல் இருக்கலாம். ‘ஓரமா நட்டு வெச்சுடறேன்’ என்பதும் சரிப்படாது. இடம் மாறிய நெடுங்கல்லை எதனோடும் சேர்த்துப் பார்க்க முடியாது.

எங்க ஊர்க் கதைய எழுதி வெச்சா யாருக்காவது உபயோகப்படுமா?

படும். யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னது, எந்தக் கல்லைக் காட்டிச் சொன்னார், என்றைக்குப் படையல், யார் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதையெல்லாம் அவர் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். ஒரே கல்லுக்கு மேலத் தெருவில் ஒரு கதை, கீழத் தெருவில் ஒரு கதை இருந்தால் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள், சேர்த்து ஒன்றாக்கிவிடாதீர்கள். இணையத்தில் போடுவதாக இருந்தால் கல் இருக்கும் துல்லியமான இடத்தை மட்டும் போடாதீர்கள். புதையல் தேடுகிறவர்களும் படிக்கிறார்கள்.